செடி வாடுகிறது, யார் காரணம்?

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் தக்காளி போட்டவர்களுக்கு இது பழகிய காட்சி. நேற்று மாலை வரை நிமிர்ந்து நின்ற செடி இன்று மதியம் தொங்கிக் கிடக்கும். இலையில் புள்ளி இல்லை, மஞ்சள் இல்லை, பச்சையாகவே வாடியிருக்கும். பொழுது சாய்ந்ததும் கொஞ்சம் தெளிந்த மாதிரி தோன்றும். சில நாளில் மொத்தமாகப் போய்விடும். அதற்குள் ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய், பூஞ்சாணக்கொல்லித் தூள் ஒன்று, பூச்சி மருந்து ஒன்று, போதாததற்கு ஒரு டானிக் என்று வாங்கி வந்து ஒரே டேங்கில் கலந்து அடித்திருப்பார்கள். மூன்றில் ஒன்றுகூட அந்தச் செடியின் நோயைத் தொடாது. அது பாக்டீரியா வாடல் நோய். கிருமி தண்டுக்குள், நீரேறும் குழாய்களில் உட்கார்ந்திருக்கிறது. இலைமேல் எதை அடித்தாலும் அதற்குத் தெரியப் போவதில்லை.

காய்கறியிலும் கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை போன்ற வாசனை இலைப் பயிர்களிலும் நோய்க்காகச் செலவாகும் பணத்தில் நல்ல பங்கு இப்படித்தான், இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்ப்பதில் போகிறது என்பது என் கணிப்பு. வயலில் எது வந்தாலும் 'பூஞ்சை' என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். பயிரைத் தாக்குபவை பூஞ்சை, பூஞ்சை போலவே தோன்றும் இன்னொரு கூட்டம், பாக்டீரியா, வைரஸ், வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு என்று ஐந்து வகையாவது உண்டு. ஒன்றுக்கான மருந்து பெரும்பாலும் இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர்.

வாடலையே எடுத்துக்கொள்வோம். கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம், ஒரு கண்ணாடி டம்ளர் போதும். வாடிய செடியின் அடித்தண்டை விரல் நீளத்துக்கு வெட்டி, வெட்டிய முனை தெளிந்த தண்ணீரில் படும்படி தொங்கவிட வேண்டும். சில நிமிடங்களில் பால் போன்ற வெள்ளை இழை கீழே இறங்கினால் பாக்டீரியா வாடல். ரால்ஸ்டோனியா என்ற அந்தக் கிருமி தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு, இஞ்சி என்று பல பயிர்களைப் பிடிக்கும். இழை இறங்கவில்லை, ஆனால் அடியிலைகள் முதலில் மஞ்சளாகி, சில சமயம் செடியின் ஒரு பக்கம் மட்டும் வாடி, தண்டைக் கீறினால் தோலுக்கடியில் பழுப்புக் கோடு ஓடுகிறது என்றால் ஃபியூசேரியம் என்ற பூஞ்சையின் வேலை. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெள்ளை நூல் படர்ந்து, கடுகு மாதிரி உருண்டைகள் ஒட்டியிருந்தால் ஸ்கிளிரோசியம் அழுகல். வேரைப் பிடுங்கிப் பார்க்கும்போது முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் நூற்புழு. நான்குக்கும் வெளித்தோற்றம் 'வாடல்'தான், தீர்வு நான்கு விதம்.

பாக்டீரியா வாடலுக்குத் தெளிக்கும் மருந்து என்று நம்பத்தக்கது எதுவும் கிடையாது. நோய் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், வாய்க்கால் தண்ணீரோடு பாத்தி விட்டுப் பாத்தி போகும். வாடிய செடியை வேரோடு எடுத்து எரித்துவிட்டு, அந்தக் குழியைத் தொட்டு ஓடும் தண்ணீரை முதலில் நிறுத்த வேண்டும். அடுத்த போகத்தில் தக்காளிக்குப் பதில் கத்தரியோ மிளகாயோ போடுவது பயிர் சுழற்சி ஆகாது. எல்லாம் ஒரே குடும்பம், கிருமிக்கு வீடு மாறவே வேண்டியதில்லை. மக்காச்சோளம், சோளம் போன்ற புல்லினப் பயிர்தான் இடையில் வர வேண்டும். இன்னொரு வழி ஒட்டு நாற்று. சுண்டைச் செடியின் வேர், வாடலையும் நூற்புழுவையும் நன்றாகவே தாங்குகிறது. அதன்மேல் கத்தரியை ஒட்டுக் கட்டி நடும் முறை தமிழ்நாட்டில் பரவி வருகிறது. தக்காளியில், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் கலப்பினம் பாக்டீரியா வாடல், இலைச்சுருட்டை வைரஸ், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும்படி உருவாக்கப்பட்டது. நாற்று கொஞ்சம் விலை கூட என்று தயங்குபவர்கள் இரண்டு தெளிப்புக்கு ஆகும் கூலியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வைரஸ் கதை இன்னும் கறாரானது. வெண்டையில் நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை போல் தெரியும் தேமல் நோய் 1924இல் பம்பாய் மாகாணத்தில் பதிவானது. நூறு ஆண்டு ஆகியும், தொற்றிய செடியைக் குணமாக்கும் மருந்து வரவில்லை. அதைப் பரப்புவது வெள்ளை ஈ. செடி சிறிதாக இருக்கும்போதே தொற்றினால் மகசூலைப் பெரும்பாலும் மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே வேலையெல்லாம் முதல் மூன்று நான்கு வாரத்தில்தான். நாற்று விட்டு நடும் தக்காளி, மிளகாய்க்கு நாற்றங்காலை நெருக்கமான நைலான் வலையால் மூடலாம். வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளத்தை முன்கூட்டியே விதைத்து வேலியாக்கலாம். ஏக்கருக்கு ஐந்தாறு மஞ்சள் ஒட்டும் பொறி வைத்தால் ஈ வந்துவிட்டதா என்று தெரியும். தேமல் கண்ட முதல் நான்கைந்து செடிகளைத் தயங்காமல் பிடுங்க வேண்டும். தாங்கும் ரகங்களும் நிரந்தரமில்லை. அர்கா அனாமிகா வெண்டை வந்த காலத்தில் இந்தத் தேமலுக்கு நல்ல எதிர்ப்பு காட்டியது, பின்னால் அதிலேயே நோய் வரத் தொடங்கியது.

மிளகாயில் இலை சுருண்டாலே வைரஸ் என்று முடிவு கட்டவும் கூடாது. இலை விளிம்பு மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன் என்ற சிறு பூச்சியாக இருக்கலாம். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் மஞ்சள் முரணைச் சிலந்தி. இலைப்பேனுக்கு வாங்கிய மருந்தைச் சிலந்திக்கு அடித்துவிட்டு 'மருந்து போலி' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள்.

சரி, உண்மையிலேயே பூஞ்சைக்கு வருவோம். இங்கேதான் குழப்பம் அதிகம். பீர்க்கு, புடலை, பாகல், வெள்ளரியில் இரண்டு சாம்பல் நோய்கள் வருகின்றன. ஒன்று மேல் சாம்பல்: இலையின் மேல் திருநீறு தூவியது போல் வெள்ளைப் பொடி படிவது. மற்றது அடிச்சாம்பல்: இலையின் மேல்புறம் நரம்புகளுக்கிடையே கோணல்மாணலான மஞ்சள் திட்டு, விடியற்காலையில் திருப்பிப் பார்த்தால் அடியில் சாம்பலும் ஊதாவும் கலந்த பஞ்சு. முதலாவது உண்மையான பூஞ்சை. இரண்டாவது பூஞ்சையே இல்லை. பழுப்புக் கடற்பாசிகளுக்குத் தூரத்து உறவான நீர்ப்பூஞ்சை வகை. அதன் செல்சுவரில் பூஞ்சைகளுக்குரிய கைட்டினுக்குப் பதில் செல்லுலோஸ் இருக்கிறது, அதன் வித்துகளில் பல தண்ணீரில் வால் அடித்து நீந்தும். நாற்றங்காலில் நாற்றுகளைக் கொத்துக் கொத்தாகச் சாய்க்கும் பித்தியமும், உருளையின் பின்பருவக் கருகலும் இதே கூட்டம்தான்.

இதனால் விவசாயிக்கு என்ன? இரண்டு விஷயம். முதலில் மருந்து. நம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கப்படும் கார்பன்டாசிம் உண்மையான பூஞ்சைகளின் செல் பிரிவதைத் தடுப்பது. நீர்ப்பூஞ்சையிடம் அது பலிக்காது. அடிச்சாம்பலுக்கும் நாற்றழுகலுக்கும் கார்பன்டாசிமை மட்டும் அடித்துவிட்டு நோய் நிற்கவில்லை என்றால் அதில் வியப்பில்லை. மான்கோசெப், தாமிரம் கலந்தவை, மெட்டலாக்சில் போன்றவைதான் அங்கே வேலை செய்யும்.

அடுத்தது தண்ணீர். அடிச்சாம்பலுக்கு இலை பல மணி நேரம் நனைந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் அது வெறி கொண்டு பரவுவது அதனால்தான். மேல் சாம்பலுக்கு நேர்மாறான குணம். அதன் வித்து முளைக்க இலைமேல் நீர் நிற்கத் தேவையில்லை, நின்றால் கெட்டும் போகலாம். காற்றில் ஈரப்பதம் இருந்தாலே போதும். மழை ஓய்ந்து, பகல் காய்ந்து, இரவு குளிரும் தை, மாசியில் அது தலைதூக்கும். எனவே நாட்காட்டியைப் பார்த்தே பாதி யூகித்துவிடலாம். மேல் சாம்பலுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் என்பது பழைய, மலிவான, இன்றும் நன்றாக வேலை செய்யும் மருந்து. ஆனால் வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் அடித்தால் இலை கருகும். வெள்ளரிக் குடும்பத்தில் சில ரகங்கள் கந்தகத்தையே தாங்காது. முதலில் நான்கு கொடிக்கு அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போவது நல்லது.

நீர்ப்பூஞ்சை உலக வரலாற்றையே புரட்டிப் போட்டிருக்கிறது. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு வயல்களை அழுகவைத்து, பத்து லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் சாகக் காரணமானது பின்பருவக் கருகல். அதே நோய் 1870–80 வாக்கில் இந்தியாவுக்குள் நுழைந்த முதல் இடங்களில் நீலகிரி ஒன்று. குளிரும் மூடுபனியும் ஓயாத தூறலும் அதற்குப் பிறந்த வீடு மாதிரி. 1968இல் வெளியான குஃப்ரி ஜோதி ரகம் முதலில் கருகலை எதிர்த்து நின்றது. பிறகு நோய் அதையும் மீறிவிட்டது. கருகலை இன்னும் நன்றாகத் தாங்கும் குஃப்ரி கிர்தாரி போன்ற ரகங்கள் பின்னால் வந்தன.

மருந்தின் வரலாறும் நீர்ப்பூஞ்சையிடமிருந்தே தொடங்குகிறது. 1882இல் பிரான்சின் மெடோக் பகுதியில் பேராசிரியர் மில்லார்டே ஒன்றைக் கவனித்தார். சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமலிருக்க மயில்துத்தமும் (தாமிர உப்பு) சுண்ணாம்பும் கலந்து தடவியிருந்தார்கள். அடிச்சாம்பல் மற்ற கொடிகளைத் தின்றுகொண்டிருக்க, அந்தக் கொடிகள் மட்டும் பச்சையாக நின்றன. 1885இல் அவர் வெளியிட்ட போர்டோ கலவை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, மொத்தம் 100 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியே 50 லிட்டரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கலக்கியபடியே ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. இரும்புப் பாத்திரம் ஆகாது. பளபளப்பான கத்தியையோ அரிவாளையோ முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இலை வெந்துவிடும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும்.

போர்டோ கலவையை இயற்கை விவசாயத்திலும் அனுமதிக்கிறார்கள் என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தாமிரம் மண்ணில் மட்காது, சேர்ந்துகொண்டே போகும். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு ஹெக்டேரில் ஏழு ஆண்டுக்கு மொத்தம் 28 கிலோ தாமிரத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது.

பெரம்பலூர் பக்கத்துச் சின்ன வெங்காயத்துக்கு வருகிறேன். மருந்தைவிடச் சாகுபடி முறைதான் நோயைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பயிர் எனக்குத் தெரியவில்லை. செட்டிகுளம் வட்டாரத்தில் மழைக்காலத்தில் வரும் திருகல் நோயில் இலைகள் முறுக்கிக்கொள்ளும், வெங்காயத்தின் கழுத்து நீண்டுவிடும், காய் பருக்காது. கூடவே அடியழுகலும், இலையில் ஊதாக் கொப்புளமும் வரும். சின்ன வெங்காயத்தைப் பெரும்பாலும் காயையே விதையாக நடுகிறோம். நோய்பட்ட வயலிலிருந்து எடுத்த விதைக்காய், அடுத்த வயலுக்கு நோயையும் கட்டணமில்லாமல் சுமந்து போகிறது. மேட்டுப்பாத்தி இல்லாத சமதள வயலில் மழைநீர் நிற்கும். நெருக்கி நட்டால் காற்றோட்டம் இருக்காது. மேலே மழை போல் நீர் பீய்ச்சும் ரெயின்கன் சுழன்று சாயங்காலத்தில் இலையை நனைத்தால் விடியும் வரை ஈரம் காயாது. பச்சை கட்ட வேண்டும் என்று யூரியாவைக் கூட்டினால் இலை மென்மையாகி எதையும் தாங்காது. இவ்வளவையும் செய்துவிட்டு வாரம் ஒரு தெளிப்பு என்று போனால் எந்த மருந்தாலும் ஈடுகட்ட முடியாது. நோயில்லாத வயலின் விதைக்காய், உயர்ந்த பாத்தி, தாராளமான இடைவெளி, காலையில் சொட்டுநீர்: திருகலைக் கட்டுப்படுத்துவதில் பெரும் பங்கு இவற்றுக்குத்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5 வெங்காயத்தை விதையிலிருந்தே நாற்று விட்டு நடலாம். விதைக்காய் வழியாக வரும் தொல்லை அதில் குறைகிறது.

விதையிலேயே வரும் நோய்கள் வெங்காயத்தோடு முடிவதில்லை. மிளகாயில் பழ அழுகலும் நுனிக்கருகலும் உண்டாக்கும் பூஞ்சை, அழுகின பழத்திலிருந்து எடுத்த விதையிலேயே குடியிருக்கும். முட்டைக்கோஸின் கருப்பழுகல் பாக்டீரியாவும் அப்படியே. அந்த விதையை 50 டிகிரி சுடுநீரில் அரை மணி நேரம் வைத்து எடுக்கச் சொல்வார்கள். சூடு கூடினால் முளைப்பு கெட்டுவிடும், கை வைத்துப் பார்த்து மதிப்பிடாமல் வெப்பமானியோடு செய்ய வேண்டிய வேலை.

நோய்க்கிருமியை எதிர்க்கும் நுண்ணுயிர்களான உயிரியல் மருந்துகளில் டிரைக்கோடெர்மா விரிடியும் சூடோமோனாஸும் எல்லோருக்கும் தெரிந்த பெயர்களாகிவிட்டன. விதை கிலோவுக்கு முதலாவது 4 கிராம், இரண்டாவது 10 கிராம். ஹெக்டேருக்கு இரண்டரைக் கிலோ டிரைக்கோடெர்மாவை 50 கிலோ மட்கிய தொழுவுரத்தில் கலந்து இடலாம். அவை பலன் தரவில்லை என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் விசாரித்தால் ஒன்று புரியும்: பொட்டலம் வெயிலில் மாதக்கணக்கில் கிடந்திருக்கும், அல்லது விதை நேர்த்தியில் இரசாயனப் பூஞ்சாணக்கொல்லியோடு சேர்த்தே கலந்திருப்பார்கள். டிரைக்கோடெர்மாவே ஒரு பூஞ்சை. பூஞ்சையைக் கொல்லும் மருந்தில் அதை முக்கினால் அதுதான் முதலில் சாகும். இன்னொன்று, இவை நோய் வருமுன் வேரைச் சுற்றி இடம் பிடித்துக்கொள்பவை. வாடிய செடிக்கு ஊற்றினால் பயனில்லை.

பாலும் மோரும் பற்றிக் கேட்பார்கள். 1999இல் பிரேசிலில் பெட்டியோல் என்ற ஆய்வாளர் சுக்கினி என்ற பூசணி வகையில் மேல் சாம்பல் நோய்க்குப் பசும்பாலைத் தண்ணீரில் கலந்து தெளித்துப் பார்த்தார். 10 சதவீதத்துக்கு மேல், வாரம் ஒருமுறை என்றபோது வழக்கமான மருந்துகளுக்கு ஈடாக வேலை செய்தது. மாடித்தோட்டத்துக்கு இது நல்ல செய்தி. அந்த ஆய்வு பாலைப் பற்றியது, மேல் சாம்பலைப் பற்றியது. அதை வைத்துக்கொண்டு எல்லா நோய்க்கும் மோரைச் சிபாரிசு செய்வது கொஞ்சம் தூரத் தாவல்தான்.

மருந்து எதுவானாலும் அதையே திரும்பத் திரும்ப அடித்தால் கிருமி பழகிவிடும். நீர்ப்பூஞ்சைக்கு 1977இல் மெட்டலாக்சில் வந்தபோது அற்புதம் என்றார்கள். 1980க்குள்ளேயே இஸ்ரேலில் வெள்ளரியிலும், அயர்லாந்து, நெதர்லாந்தில் உருளையிலும் அதை மீறிய கிருமிகள் வந்துவிட்டன. கிருமியின் ஒரே ஒரு செயலைக் குறிவைக்கும் மருந்துகளுக்கு இந்த ஆபத்து அதிகம். மான்கோசெப், தாமிரம், கந்தகம் போன்றவை ஒரே நேரத்தில் பல இடங்களைத் தாக்குவதால் அவற்றுக்குக் கிருமி எளிதில் பழகுவதில்லை. இரண்டு தெளிப்புக்கு ஒருமுறை மருந்தை மாற்றுகிறோம் என்று வேறு வணிகப் பெயர் வாங்குபவர்கள், பொட்டலத்தின் பின்னால் உள்ள சேர்மத்தின் பெயரைப் படிக்க வேண்டும். பெயர் புதிது, உள்ளே இருப்பது பழைய கார்பன்டாசிமாகவே இருக்கும்.

வாசனை இலைப் பயிர்களில் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் இறுகுகிறது. தக்காளியில் மருந்து இலையில் பட்டாலும் நாம் சாப்பிடுவது பழத்தை. கொத்தமல்லியிலும் புதினாவிலும் மருந்து பட்ட இலையையே, பல நேரம் பச்சையாக, சட்னி அரைக்கிறோம். சூளகிரிப் பக்கம் கட்டுக் கட்டாகச் சந்தைக்குப் போகும் கொத்தமல்லி சுமார் 40 நாள் பயிர். இதில் மேல் சாம்பல் நோய்க்கு ஒரு காலத்தில் டினோகேப் என்ற மருந்தைச் சிபாரிசு செய்தார்கள். 2023இல் மத்திய அரசு தடை செய்த பூச்சிக்கொல்லிகளில் அதுவும் ஒன்று. பழைய துண்டுப் பிரசுரங்களில் இன்னும் அந்தப் பெயர் இருக்கிறது. நோய் கண்டதும் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு, பத்து நாள் இடைவெளியில் மேலும் இருமுறை என்ற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகச் சிபாரிசு இலைக் கொத்தமல்லிக்குப் பொருந்தி வரும். வாடலுக்கு டிரைக்கோடெர்மா விதை நேர்த்தி.

புதினாவின் துரு நோயில் இலைக்கடியில் ஆரஞ்சுக் கொப்புளங்கள் வரும். தெளிப்பதைவிடப் பாத்தியைத் தரையோடு அறுத்து, அறுத்ததை அப்புறப்படுத்திவிட்டு, தழையும் புதுத் தளிரைக் கவனிப்பது எளிது. நோய் முற்றியிருந்தால் சுத்தமான இடத்திலிருந்து புதுக் குச்சி கொண்டுவந்து வேறு பாத்தியில் நடுவதுதான். திருநீற்றுப்பச்சிலையின் அடிச்சாம்பல் 1930களில் உகாண்டாவில் பதிவாகி, பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடந்து, 2000க்குப் பிறகு ஐரோப்பாவிலும் 2007இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும் கிளம்பியது. விதையோடு பயணம் செய்ததுதான் காரணம். அதன் வித்துகள் இருட்டில்தான் உருவாகும். இஸ்ரேலின் பார் இலான் பல்கலைக்கழகத்தார் பசுமைக்குடிலில் இரவெல்லாம் விளக்கெரியவிட்டே நோயைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள்.

கறிவேப்பிலையில் ஒரு எச்சரிக்கை: எந்த நோய்க்கும் கந்தகம் தெளிக்கக் கூடாது என்று பல்கலைக்கழகமே சொல்கிறது. காரமடை வட்டாரத்திலிருந்து வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகும் இந்த இலையை, மருந்து எச்சத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் பரிசோதனைப் பட்டியலில் வைத்தது. வரும் நோய் பெரும்பாலும் இலைப்புள்ளி. அதற்குச் சிபாரிசில் உள்ள கார்பன்டாசிமுக்கு ஐரோப்பாவில் இப்போது பயிர்ப் பயன்பாட்டு அனுமதி இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள் தெளிப்பதற்கு முன் வாங்குபவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். உள்ளூர்ச் சந்தைக்கு விற்பவர்களுக்கும் எப்போது அடிக்கிறோம் என்பது முக்கியம். ஒரு அறுவடைக்கும் அடுத்ததற்கும் சுமார் மூன்று மாதம் இருக்கிறது. விலை ஏறட்டும் என்று முற்றவிட்டுக் கடைசி வாரத்தில் அடிப்பதற்குப் பதிலாக, அறுத்த கையோடு புள்ளி விழுந்த இலையைக் கூட்டி அள்ளிவிட்டு, தளிர் வரும் முதல் சில வாரங்களுக்குள் தெளிப்பை முடித்துக்கொண்டால் இலை கூடைக்குப் போவதற்குள் மருந்து பெரும்பாலும் சிதைந்திருக்கும். கொத்தமல்லிக்கு அந்த வசதியில்லை, பாதி வயதைத் தாண்டியபின் டேங்கைத் தூக்காமலிருப்பதே உத்தமம்.